தலைப்புக்கு மேலே லோனப்பன்

செயலாளர் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் குரியப்பனிடம் தோற்ற சாதனை, எங்கள் வாசகசாலை வரலாற்றில் லோனப்பன் மாஷுக்கு மட்டுமே உரியது. முன்பு தட்டச்சுப் பள்ளி நடத்தியவர்; அதனால் ஊருக்கே 'மாஷ்', அதாவது வாத்தியார். இப்போது வாசகசாலை இணையதளத்துக்குத் தகவல் எழுதுகிறார். ஊதியம், மாலையில் ஒரு பருப்புவடை.

தளத்தை அமைத்த நிகிலா, படிக்கத் தெரிந்த எவரும் திருத்தும்படி எல்லாவற்றையும் 'யாமல்' என்னும் ஒரே எளிய எழுத்துக் கோப்பில் வைத்திருந்தாள். தலைப்பு இடது ஓரத்தில். அதற்கு உரியவை கீழே, இரண்டு எழுத்து இடம் உள்ளே தள்ளி. அடுத்த தலைப்பு வரும்வரை எல்லாம் ஒரே குடும்பம்.

நான்காவது தேர்தல் வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தளத்தின் வேட்பாளர் பட்டியலில் பெயர் இருப்பவரே வேட்பாளர் என்பது விதி. மாஷ் கோப்பைத் திறந்தார். 'வேட்பாளர்கள்' என்பதன் கீழே முதலில் குரியப்பன், அப்புறம்தான் தாம். பொறுக்குமா? சர்ச் பெருநாள் நோட்டீஸில்கூட முக்கியஸ்தர் பெயர் தலைப்புக்கு மேலேதானே அச்சாகும்! தம் பெயரை வெட்டி, தலைப்புக்கும் மேலே, இரண்டு இடம் பிசகாமல் தள்ளி ஒட்டினார்.

நாலரைக்கு, வாசகசாலையில் இருந்த மாஷுக்கு நிகிலா போன் செய்தாள்; மாஷ் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஷே, தளத்தைப் பாத்தீங்களா? 'பழுதுபார்க்க வேண்டியவை: மின்விசிறி, தண்ணி மோட்டார், லோனப்பன்'னு வருது!"

"தலைப்புக்கு மேல வச்சேன் மோளே, ஒரு மரியாதைக்கு."

"அதுக்கு மேல இருக்கற தலைப்பு மோட்டாரோடது. அஞ்சு மணிக்குள்ள ஒரு வரி கீழ இறங்குங்க. இல்லேன்னா குரியப்பன் சேட்டன் போட்டியே இல்லாம ஜெயிச்சிடுவார்."

"இறங்கறதா? அவன் பாத்துக்கிட்டே இருக்கானே!"

எதிர் மேசையில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரியப்பன் சொன்னார்: "நான் பாக்கல மாஷே. மோட்டாரும் நீங்களும் சேந்தே நின்னுபோனீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

நான்கு ஐம்பத்தெட்டுக்கு மாஷ் இறங்கினார். மறுபடி வெட்டப் பயந்து, பெயரை நகலெடுத்து, தலைப்புக்கும் குரியப்பனுக்கும் நடுவே ஒட்டினார். ஆக வேட்பாளரும் அவரே, பழுதும் அவரே. அதற்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்தப் பழுதுப் பட்டியலின் படம்.

ஞாயிற்றுக்கிழமை மாஷ் ஏழு ஓட்டில் ஜெயித்தார்.

"எப்படி சேச்சி?" என்று குரியப்பன் நூலகர் தெரேசாவிடம் புலம்பினார்.

"பழுதுன்னு ஒத்துக்கிட்டு ஓட்டுக் கேட்ட ஒரே ஆளு அவர்தானே! நீங்க மூணு தடவை செயலாளரா இருந்தீங்க, மோட்டார் ஓடிச்சா?"

ஒரே வாரத்தில் மோட்டார் ஓடியது, மின்விசிறியும் சுற்றியது. இரண்டு வரிகளும் கோப்பிலிருந்து போயின. மூன்றாவது அப்படியே இருக்கிறது.

"அதையும் எடுத்துடலாமே மாஷே?" என்றாள் நிகிலா.

"வேலை முடியாம எப்படி மோளே எடுக்கறது?" என்றார் செயலாளர், வடையைக் கடித்தபடி.