இந்த மாதம் அவர் ‘இல்ல’ சொல்லாதவை

உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? மாதம் பிறந்தால் போதும், வந்துவிடுகிறீர்கள். லிஃப்டில் கேட்கிறீர்கள். தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது கேட்கிறீர்கள். கத்தரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கேட்கிறீர்கள். “பாட்டி, இந்த மாசம் எந்த புக் நல்லா இருந்துச்சு? என்ன பாட்காஸ்ட் கேட்டீங்க? புதுசா எந்த ஷோ பாக்கலாம்?” ஐந்தாம் வகுப்பை முடிக்காதவளிடம் கேட்கிற கேள்வியா இது? முடிச்சூரில் இத்தனை ஃப்ளாட் கட்டி இத்தனை படித்தவர்கள் குடிவந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லையா?

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்க்காதீர்கள். நான் இத்தனையையும் கேட்டது எனக்காக இல்லை. ஏன் கேட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிடித்துக்கொண்டு நடந்தார். கையும் ஓரளவு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். என் பேத்தி வயது இருக்கும். முதல் நாள் அவள் என்னிடம்தான் பேசினாள்.

“பாட்டி, தாத்தா இதுக்கு முன்னாடி நல்லாப் பேசுவாரா?”

“இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான் பேசிகினு கீறேன். அவருக்குப் பேச்சு போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். நான் கிண்டல் செய்தால் அவருக்கு வாயின் ஒரு ஓரம் லேசாக ஏறும். அத்தனை வருடங்களில் எனக்கு அவர் கொடுத்த பதில் அதுதான். அன்றைக்கு அந்த ஓரம்தான் செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து அவள் கேட்டது சாதாரணக் கேள்விதான். “தாத்தாவுக்கு என்ன கேக்கப் பிடிக்கும்? பாட்டா, கதையா, நியூஸா?”

இட்லிக்கு எந்தச் சட்னி என்று கேட்டால் சொல்வேன். எந்தச் செருப்பு கடிக்கும், எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும், எல்லாம் தெரியும். அவர் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் மெஷின் ஓட்டினவர். அந்தச் சத்தத்தில் பேசியும் பிரயோஜனமில்லை, கேட்டும் பிரயோஜனமில்லை. வீட்டுக்கு வந்தால் நான் சீரியல் போடுவேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எதைக் கேட்கப் பிடிக்கும் என்று நான் எங்கே கண்டேன்?

“எல்லாம் கேப்பாரும்மா” என்று சொல்லி வைத்தேன்.

“அப்போ எல்லாத்தையும் போட்டுக் காட்டுங்க. உள்ள போறது அவருக்குப் புரியுது. வார்த்தைதான் வெளிய வர மாட்டேங்குது. மாசா மாசம் வந்து எது பிடிச்சுது, எது பிடிக்கலன்னு எனக்குச் சொல்லணும், சரியா?”

இப்படித்தான் ஆரம்பித்தது இந்த மாதாந்திர வேலை. எதிர்வீட்டுப் பெண் என் போனில் என்னென்னவோ இறக்கிக் கொடுத்தாள். பழைய ராஜாக்களின் சண்டையைச் சொல்கிற ஒருவர். ஊர் ஊராகப் போய் பிரியாணி தின்கிற ஒருவர். நாலு பேர் உட்கார்ந்து அவர்களே பேசி அவர்களே சிரித்துக்கொள்கிற ஒரு நிகழ்ச்சி. துப்பறியும் நாவல் ஒன்றை ஒரு பெண் நல்ல குரலில் படித்தாள். வேறு வழியில்லாமல் நானும் எல்லாவற்றையும் கேட்டேன். அதில் ருசி கண்டு நான் உங்களிடம் சொல்லப்போய், நீங்களும் மாதா மாதம் கேட்கப் பழகிவிட்டீர்கள். அந்த நாவலில் டாக்டர்தான் கொலைகாரன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டதற்கு மூன்றாவது மாடியில் ஒருத்தி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. “ராஜா செத்தாலும் அதே மூஞ்சி, பிரியாணி வெந்தாலும் அதே மூஞ்சிம்மா” என்று போய்ச் சொன்னேன். பயிற்சிப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “விடாதீங்க பாட்டி” என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் அவருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். சும்மா ஊட்ட எனக்கு வராது. முந்தின நாள் சீரியல் கதையைச் சொன்னேன். உள்ளபடி சொன்னால் சுவை போதாது என்று கொஞ்சம் என் கைச்சரக்கையும் சேர்த்தேன்.

“மாமியாக்காரி கடைசியில மனசு மாறிட்டா. பீரோ சாவியை எடுத்து மருமக கையில குடுத்துட்டா.”

“இல்ல.”

கரண்டி என் கையில் இருந்தது. சாதம் அவர் மடியில் விழுந்தது. நான் அவர் வாயையே பார்த்தேன்.

“இன்னா சொன்னீங்க?”

“இல்ல.”

சொன்னது சரிதான். அந்தக் கிழவி சாவியைக் கொடுக்கவில்லை. பால்கனியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தவர் அத்தனை வருடமும் காதை என் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. “திருட்டு ஆளுய்யா நீ! அப்போ இன்னாதான் ஆச்சு, சொல்லு” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் சொல்லப் பார்த்தார். வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்கப் பார்த்தார். “இல்ல” வந்தது. மறுபடி பார்த்தார். மறுபடியும் “இல்ல”தான். நல்ல கையால் நாற்காலிக் கட்டையை ஓங்கி அடித்தார். “இல்ல. இல்ல. இல்ல.” பிறகு என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அன்றைய தினத்திலிருந்து வீட்டில் அந்த ஒரு சொல்தான். காபி வேணுமா? இல்ல. கொடுத்தால் குடிப்பார். ஃபேன் போடவா? இல்ல. வேர்த்துக் கொட்டும். நானும் விடுவேனா? “நான் அழகா?” என்று கேட்டேன். “இல்ல.” “இதை மட்டும் தெளிவாச் சொல்லுவீங்களே” என்றேன். ஆனால் “வலிக்குதா?” என்று கேட்டாலும் அதேதான் வரும். அந்த “இல்ல”வை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்குவதா, ஆட்டோ கூப்பிடுவதா?

பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன். அவள் சந்தோஷப்படவும் செய்தாள், எச்சரிக்கவும் செய்தாள்.

“சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கும், பாட்டி. அவங்க வேற ஏதோ சொல்ல வருவாங்க, இது தானா வந்து விழும். தாத்தா ‘இல்ல’ன்னா இல்லைன்னுதான் அர்த்தம்னு எடுத்துக்காதீங்க.”

“அப்போ அன்னிக்கு சீரியலுக்குச் சொன்னது?”

“தெரியல பாட்டி. இருக்கலாம்.”

திரும்பி வரும்போது பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோ அசையவில்லை. பண்டிகைக் கூட்டம், தெற்கே போகிற பஸ்ஸுக்கெல்லாம் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் எரிச்சலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும் என்று அப்போது தோன்றியது. அந்த “இல்ல”வை உள்ளே இருந்து அவர்தான் சொல்கிறாரா, இல்லை நாக்கு தன்பாட்டுக்குச் சொல்கிறதா? அவராகச் சொன்னால் ஆள் உள்ளே இருக்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மீதிக் காலத்தைக் குடும்பம் நடத்திவிடுவேன். அவராகச் சொல்லவில்லை என்றால் நான் யாரோடு இருக்கிறேன்?

அந்த மாதம் எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தேன். ராஜாக்கள் குதிரை ஏறுவதற்குள் “இல்ல.” பிரியாணி அண்டாவைத் திறப்பதற்குள் “இல்ல.” நாலு பேர் சிரிப்புக்கு “இல்ல.” மழை நாள் வந்துவிட்டதால், எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற மாதிரி, வானிலை சொல்கிறவரைப் போட்டேன். காற்றழுத்தம் என்ற சொல் வந்ததும் “இல்ல.” அது நியாயம்தான். எங்கள் பக்கத்தையே மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தில் பழைய வீட்டுக் கட்டிலுக்கு மேலே தண்ணீர் நின்றதைப் பார்த்தவர் அவர். ஆனால் எல்லாவற்றுக்கும் “இல்ல” என்றால் எது நியாயமான “இல்ல”, எது வெறும் “இல்ல” என்று எப்படிப் பிரிப்பது? சீரியலைப் போட்டேன். அதற்கும் “இல்ல.” அன்றைக்கு என் தைரியம் போய்விட்டது.

கீழ்வீட்டு டீச்சர் விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்தார். ரிட்டயர் ஆனவர், வீடு முழுக்கப் புத்தகம். “அக்கா, இந்த போன் சத்தமெல்லாம் வேண்டாம். நான் படிச்சுக் காட்டறேன். என் குரலுக்கு கடைசி பெஞ்சு வரைக்கும் எழுந்து உக்காரும்” என்று ஒரு நாவலைப் பிரித்தார். கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேரப் போகிற ஒருவனின் கதை. ஏற்ற இறக்கத்தோடு அருமையாகப் படித்தார். ஒரு பக்கம் தாண்டுவதற்குள்,

“இல்ல.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன இல்லைங்கறார்?”

“உங்களைச் சொல்லல டீச்சர். கதையைச் சொல்றார்.”

“பரிசு வாங்கின கதை அக்கா இது!”

“இல்ல” என்றார் அவர்.

டீச்சர் புத்தகத்தை டி.வி. மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. அவர் நாற்காலியில், நான் தரையில். வீடு அத்தனை அமைதியாக இருந்தது எனக்கு ஆகவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்தேன். “நல்லாப் படிச்சா பிடிக்கல இல்ல உங்களுக்கு? இந்தா, நான் படிக்கறேன். அனுபவி” என்று மிரட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் படிப்பதைப் படிப்பு என்று சொல்லக் கூடாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டும். ஒரு சொல்லின் கடைசிக்கு வரும்போது அதன் தலை மறந்துபோகும். திரும்பிப் போய் அதையும் இழுத்துக்கொண்டு வருவேன். ‘அவன்’ என்றால் ஒரு மூச்சு. ‘இரும்புப்பெட்டியை’ என்றால் நடுவில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏற வேண்டும். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று புத்தகத்தை மூடினேன்.

“இல்ல.”

திறந்தேன். அடுத்த சொல்லைக் கூட்டினேன். அவர் பேசவில்லை. இரண்டு வரி போனேன், பேசவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினேன்.

“இல்ல.”

படித்தேன். அமைதி. மூடினேன். “இல்ல.” எத்தனை தரம் செய்தேன் என்று எனக்கே தெரியாது. சின்னப் பிள்ளை ஸ்விட்சைப் போட்டு அணைத்து விளையாடுகிற மாதிரி செய்துகொண்டே இருந்தேன். ஒரு தரம்கூட மாறவில்லை. கடைசியில் அவருக்குக் கோபம் வந்து, நல்ல கையை நீட்டி, என் விரலைப் பிடித்து, விட்ட வரியில் கொண்டுபோய் வைத்தார்.

ஆள் உள்ளே இருக்கிறார்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் தெருமுனை வரைக்கும் போகிற வரை படித்தேன். வெளிச்சம் போய்விட்டது, பிறகுதான் நிறுத்தினேன். அதற்கும் ஒரு “இல்ல” வாங்கினேன்.

பயிற்சிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எல்லாரும் பேசற வேகம் இப்போ தாத்தாவுக்கு ரொம்ப ஜாஸ்தி, பாட்டி. ஒரு வார்த்தையைப் பிடிக்கறதுக்குள்ள அடுத்த பத்து வார்த்தை ஓடிப்போயிடுது. நீங்க ஒண்ணு ஒண்ணா கையில குடுக்கறீங்க.”

“சீரியலுக்கு அன்னிக்கு சரியாச் சொன்னாரே?”

“சோறு ஊட்டிக்கிட்டே மெதுவாத்தானே சொல்லியிருப்பீங்க.”

“வேற வார்த்தை வருமாம்மா?”

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். “வரலாம். வராமலும் போகலாம் பாட்டி. முயற்சி பண்ணிக்கிட்டே இருப்போம்.”

வரவில்லை. தை வந்துவிட்டது, இன்னும் வரவில்லை. இப்போது நான் கேள்வியைத் திருப்பிப் போட்டு, மெதுவாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்பதில்லை. “வலி போயிடுச்சா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். “இல்ல” என்றால் மாத்திரை கொடுக்கிறேன். ஒன்றும் சொல்லாவிட்டால் விளக்கை அணைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்காகக் கீழே நின்றிருந்தோம். உங்களைப் போலவே பெண்டுகள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். இந்த மாதம் எது நல்லா இருந்தது என்று கேட்டார்கள். டீச்சரும் நின்றிருந்தார். நான் சொன்னேன்:

“பாட்காஸ்ட் ஒண்ணும் தேறல. ஷோ எதுவும் தேறல. ஒரே ஒரு புஸ்தகம். கதை எப்படின்னு கேக்காதீங்க, அந்த ஆளு இன்னும் பஸ்ஸே ஏறல. டீச்சர், புஸ்தகத்தை இப்போதைக்குத் திருப்பித் தருவேன்னு எதிர்பாக்காதீங்க. படிச்சுப் படிச்சு எனக்கு வேற இப்போ கொஞ்சம் வேகம் வந்துடுச்சு, அதான் பயமா கீது. எவ்ளோ மெதுவாப் போவ முடியுமோ அவ்ளோ மெதுவாப் போயிகினு கீறேன். மத்தியானத்துல எவளாவது வந்து பெல் அடிச்சீங்க, அவ்ளோதான்.”