வயாவில் தக்காளி என்ன விலை

ராயம்மாளுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கோயிலென்றும் பார்க்க மாட்டாள், எழவு வீடென்றும் பார்க்க மாட்டாள். நாலு பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அந்தச் சிரிப்பே அவள் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

அவள் அப்பா மதலைமுத்து மாரண்டஹள்ளித் தக்காளி வியாபாரி. ஒரு நாள் தருமபுரியில் மகளோடு பஸ் ஏறினார். வண்டி புதிது, பலகையும் புதிது. 'ஓசூர், வயா பாலக்கோடு' என்று எழுதியிருந்தது. மனிதர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கண்டக்டர் செபாஸ்டினைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த வயாவுல தக்காளி என்னா வெல போவுதுங்க?”

“அது ஊரு இல்லீங்க, இங்கிலீஷு!” என்றான் அவன்.

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் ராயம்மாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கண்டக்டரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான், தொலைந்தாள்!

செபாஸ்டின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது மதலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். “அவனுக்குப் பொண்ணு இல்லீங்க. வயாவுல போயி தேடச் சொல்லுங்க!”

ராயம்மாள் அன்று சோற்றைத் தொடவில்லை. கட்டினால் அவனைத்தான் என்று அழுதாள். நடுவில் 'வயாவுல போயி' ஞாபகம் வந்து சிரித்தும் தொலைத்தாள்.

தவக்காலம் வந்தது. கோயிலில் சிலுவைப்பாதை முடித்த வயசான சாமியார், பழக்க தோஷத்தில் அதை “வியா க்ரூசிஸ்” என்றார். ராயம்மாள் அப்பாவை இழுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

“சாமி, வியான்னா என்னாங்க?”

“வழிம்மா. லத்தீன் பேச்சு. இங்கிலீஷ்காரன் அத வாங்கி, இன்ன ஊர் வழியான்னு சொல்ல வச்சுக்கிட்டான். பஸ்காரங்க சொல்ற வயா அதுதான்.”

“அப்பா, வழியாங்கறத 'பாலக்கோடு வயியா போலாம்'னு நீங்க சொல்லுவீங்களே, அதேதான்!”

மதலைமுத்து வாயசைத்துப் பார்த்தார். “வயியா... வயா... அடி சக்கை! எங்க தாத்தன் காலத்துப் பேச்சுங்க இது. வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான் பாருங்க!”

“ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லப்பா” என்றார் சாமியார். யார் காதில் விழுகிறது!

ஜெபிக்க வந்தவன்போல் வாசலோரம் செபாஸ்டின் நின்றிருந்தான். மதலைமுத்து விறுவிறுவென்று அவனிடம் போனார். ராயம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

“ஏம்ப்பா, வயாங்கறது எங்க வார்த்தயாமே?”

“ஆமாங்க, உங்களுதுதாங்க” என்றான் புத்திசாலி.

“அப்பக் கேட்டுக்க. எம் பொண்ணு உன் வூட்டுக்கு வருவா. ஆனா கோயில் வயியாத்தான் வருவா.”