காட்டுக்குள் கேட்ட என் பெயர்

பூச்சோங் பக்கத்துக் காட்டுப் பூங்காவில், பட்டப்பகலில், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது புனியான்தான் என்று முதலில் நம்பினேன். நம்பினேன் என்ன, சத்தியமே செய்திருப்பேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். தீ ஒத்திகை நடக்கும்போது "யாரும் பதற வேண்டாம்" என்று மூன்று மொழிகளில் மைக்கில் சொல்கிற ஆள் நான்தான். சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

நேற்று அலமாரியைத் திறந்ததும் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையிலிருந்து செராய், அதாவது எலுமிச்சைப்புல், எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. கொசுவுக்குப் பயந்து அரை பாட்டிலை மேலே கொட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. அந்த வாடை என்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்றால், சின்ன வயதில் நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால். தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே அங்கே ஒரு புதர்க்காடு இருந்தது. உள்ளே நுழையுமுன் அக்கா செராய்த் தழையைக் கசக்கி என் முழங்காலில் தேய்த்துவிடுவாள். என்னைவிட நான்கு வயது பெரியவள். அந்தக் காட்டுக்கு அவள்தான் அரசாங்கம்.

புனியான் என்பவர்கள் காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊர் அமைத்து வாழ்கிற அழகான மனிதர்கள் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அக்கா பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் கேட்டது பாதி, தானே சேர்த்துக்கொண்டது பாதி என்று அவர்களுக்காக ஒரு சட்டப் புத்தகமே வைத்திருந்தாள். ஒன்றுக்குப் போகுமுன் மரத்தைத் தாத்தாவாக மதித்து, "டத்தோ, பேரப்புள்ள வந்திருக்கேன், கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்று கேட்க வேண்டும். வழி தப்பினால் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட வேண்டும். காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. புனியான் அந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடுமாம். 'ஆ' என்று வாயைத் திறந்தால் போச்சு, கூட்டிக்கொண்டு போய் அங்கேயே கல்யாணம் கட்டி வைத்துவிடும். அதனால் காட்டுக்குள் அவள் கேசரி, நான் போண்டா.

"போண்டா, ஓடியா! இளவரசியோட தோடு!" என்பாள். ஓடிப்போய்ப் பார்த்தால் இலையில் ஒரு பொன்வண்டு இருக்கும். சிரிப்பாள் பாருங்கள், ரயில் போகிற சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

புனியானுக்கு மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளம் கிடையாது. அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கேட்டதிலிருந்து ஒரு வருடம் எல்லார் உதட்டையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு அடர்ந்த மீசை. எடுத்துக் காட்டச் சொல்லவா முடியும்? பயத்திலேயே கணக்கில் கோட்டை விட்டேன். மற்ற பாடங்களில் கோட்டை விட்டதற்கு வேறு காரணங்கள்.

அந்தப் புதர்க்காடு இருந்த இடத்தில் இப்போது முப்பது மாடி நிற்கிறது. அது போனால் போகட்டும். அத்தான் இறந்து மூன்று வருடமாக அக்கா சிரிப்பதையே விட்டுவிட்டாள். ஜோக் சொன்னால், "ம்ம், நல்லாருக்கு" என்பாள், பரீட்சைத் தாளுக்கு மார்க் போடுகிற மாதிரி. கிள்ளான் வீட்டைப் பூட்டிவிட்டு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகப்போகிறாள் என்று முடிவானபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. விமானம் ஏறுமுன் அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து, 'உங்களுக்குள் இருக்கும் குழந்தையை எழுப்பும் காட்டு நடை' என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது.

"காட்டுக்கா? எதுக்குடா? கொசு கடிக்கவா? அது என் வீட்டுலயே இருக்கு லா," என்றாள். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே எரிச்சல் ஆரம்பித்தது. நுழைவுச் சீட்டுக்குக் கைப்பேசியில் ஒரு கட்டத்தைப் படம் பிடிக்கச் சொன்னார்கள். நான் நான்கு தடவை என் கட்டைவிரலைத்தான் படம் பிடித்தேன். நடத்துகிற பெண்மணி செமினி ஊர்க்காரர், நல்ல பிள்ளை, தேன் குரல். முதுகில் மாட்டிக்கொள்ள எல்லாருக்கும் தாளில் செய்த தேவதை இறக்கை கொடுத்தார். "அங்கிள், கண்ண மூடுங்க. மரத்தக் கட்டிப்புடிங்க. சந்தோஷம் உள்ள வருதா?" என்று கேட்டார். உள்ளே வந்தது முசுறு எறும்பு. நான் கட்டிப்பிடித்த மரத்தில் அதுகளின் தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "தைலம் பையில இருக்கு, எடுத்துக்க," என்றாள்.

குழந்தையாவது, எழுப்புவதாவது! வெறுத்துப்போய், ஒன்றுக்குப் போகிற சாக்கில் ஒதுங்கினேன். பழக்கம் விடவில்லை, டத்தோவிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டுத்தான் காரியத்தை முடித்தேன். திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம். கைப்பேசியில் சிக்னல் இல்லை. அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு தொழிற்சாலைச் சுவரில் தொங்குகிறது. அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் அக்காவின் சட்டப் புத்தகம்தான். தாள் இறக்கையைக் கழற்றி வீசினேன். சட்டையைத் திருப்பிப் போட்டேன். "கேசரி! கேசரி!" என்று கத்தினேன். பதில் இல்லை.

அப்போதுதான் என் பெயர் கேட்டது. முழுப் பெயர். அக்காவின் குரல்தான், ஆனால் அதில் சிரிப்பு இருந்தது. அளவில் சிறிதான என் மூளை உடனே கணக்குப் போட்டது: அக்கா காட்டுக்குள் பெயர் சொல்ல மாட்டாள், அக்கா சிரிப்பதுமில்லை, ஆகவே அது அக்கா இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டது. ஒரு வேருக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பெண்மணிதான் வந்து எட்டிப் பார்த்தார். "அங்கிள், ஓகேவா? சட்டை ஏன் இப்படி இருக்கு? ஐயோ, நீங்க பாத்திருக்கணும் லா!"

ஓடினேன். அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"எங்கடா போன? தொண்ட வத்திப் போச்சு."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியேக்கா! கேசரி, போண்டா எல்லாம் மறந்துட்டியா?"

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு?"

"இன்னொரு தடவ சிரியேக்கா."

"கேட்டா வருமா? வா போலாம், மழ வருது, துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன்."

மழை வரும்வரை அவளை அங்கேயே பிடித்து நிறுத்தி வைத்தேன். மழைதான் வந்தது, சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே பெர்த் போய்விட்டாள். காணொளியில் பேசும்போது அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று சொல்கிறாள்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான், அந்தப் பெண்மணி சொல்லித்தான் எனக்கே தெரியும். உயரத்திலிருந்து ஒரு பறக்கும் ஓணான், விலாவில் இருக்கும் விசிறியை விரித்துக்கொண்டு மிதந்து வந்து அக்காவின் தொப்பியில் உட்கார்ந்திருக்கிறது. அது பறந்துவிடக் கூடாதே என்று தலையை அசைக்காமல் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, தம்பியும் பார்க்க வேண்டும் என்று ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் இருந்தது முப்பது அடி தூரத்தில்.