கிரேக்க மாலுமி சொன்ன ‘ஓஹி’

எண்பதுகளின் நடுவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தேன். பயிற்சி முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீளநீளமான மருத்துவச் சொற்களை மடமடவென்று ஒப்பிப்பேன். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்த காலம்.

ஒரு மத்தியானம், துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து ஒரு மாலுமியைக் கொண்டு வந்தார்கள். கிரேக்கர். நிமோனியா, உடம்பு அனலாகக் கொதித்தது. கூட வந்த கப்பல் கம்பெனி ஏஜெண்டு, ஆங்கிலம் தெரிந்த கப்பல் அதிகாரி சாயங்காலம் வருவார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். டாக்டர் பெனிசிலின் ஊசி எழுதினார். போடுவதற்கு முன் அந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பது என் வேலை.

“பெனிசிலின்? அலர்ஜி?” என்று சத்தமாகக் கேட்டேன். மொழி தெரியாதவரிடம் கத்திப் பேசினால் புரிந்துவிடும் என்று நினைப்போமே, அப்படி.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “நே, நே” என்றார்.

‘நோ’ என்கிறார், காய்ச்சலில் நாக்கு குழறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அட்டையில் ‘அலர்ஜி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஊசியோடு திரும்பி வந்து, “பெனிசிலின். ஓகே?” என்றேன்.

“ஓஹி, ஓஹி” என்று முகவாயை மேல்நோக்கி வெட்டினார். எனக்கு அது ‘ஓகே’ என்றே கேட்டது. பஞ்சால் அவர் கையைத் துடைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அட்டெண்டர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “மிஸ்ஸி, அவரு வேணாங்கிறாரு லா” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் அந்த ‘லா’வோடு.

“ஓகேன்னுதானே சொல்றாரு அண்ணே. எனக்குத் தெரியாதா?”

“வாயி என்னமோ சொல்லட்டும். மொகத்தப் பாருங்க. பயந்துபோய்க் கெடக்காரு.”

எரிச்சல்தான் வந்தது. அதற்குள் மாலுமி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டார். ஊசியைக் காட்டி, “பெனிகிலினி... தீஸ்ப்னியா!” என்றார். மறு கையால் தன் கழுத்தை நெரிப்பதுபோல் செய்து காட்டினார்.

தீஸ்ப்னியா. டிஸ்ப்னியா! மூச்சுத் திணறல். பரீட்சைக்காகத் திரும்பத் திரும்ப எழுதிப் படித்த சொல். ஆங்கிலமே தெரியாத மனிதர் வாயில் அது எப்படி வந்தது? யோசிக்க நேரமில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவரும் தமிழர்தான், ரொம்பக் கண்டிப்பானவர்.

“சிஸ்டர், அட்டையில நான் தப்பா எழுதிட்டேன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா, தெரியுமா?”

“தெரியல சிஸ்டர். அதான் ஊசி போடல.”

ஏச்சு விழும் என்று நின்றேன். “போடாம வந்தியே, அது போதும். போ, டாக்டரக் கூப்பிடு” என்றார். டாக்டர் வேறு மருந்து எழுதினார்.

சாயங்காலம் வந்த கப்பல் அதிகாரி விளக்கினார். அவர்கள் மொழியில் ‘நே’ என்றால் ஆமாம். ‘ஓஹி’ என்றால் இல்லை, வேண்டாம். முகவாயை மேலே வெட்டுவதும் மறுப்புதான். முன்பு வேறொரு துறைமுகத்தில் போட்ட ஒரே ஒரு பெனிசிலின் ஊசியில் அந்த மாலுமி மூச்சடைத்துச் சாகக் கிடந்தாராம். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

காய்ச்சல் இறங்கியதும் அவரிடம் போய் “சாரி” என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். தயக்கத்தோடு என் பாடக் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். ‘கார்டியா’ என்றதும் நெஞ்சைத் தொட்டார். ‘டெர்மா’ என்றதும் புறங்கைத் தோலைக் கிள்ளிக் காட்டினார். அட்டெண்டர் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்ன மிஸ்ஸி, ஒங்க பெரிய டாக்டர் பேச்செல்லாம் இவரு வீட்டுப் பேச்சா?”

அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “அட, விடுங்க லா” என்று விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான் நூலகத்தில் பழைய கிரேக்கர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கோயில்கள், சிலைகள், போர்கள் எல்லாம் இருந்தன. நான் நின்ற இடம் அவர்களுடைய மருத்துவர்களைப் பற்றிய பக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், நோயாளியின் பக்கத்தில் இருந்து, அவன் முகம் எப்படி, மூச்சு எப்படி, தூக்கம் எப்படி என்று நாள்தோறும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அவர்கள் பார்த்ததுபோல் பார்க்க, அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத அட்டெண்டர் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ மொழிக்காரர்களுக்கு ஊசி போட்டுவிட்டேன். யாராவது ‘சரி’ என்று சொன்னால், அது என் காதுக்கு மட்டும் சரியாகக் கேட்கிறதோ என்று இன்றும் ஒரு நொடி தயங்கி, அவரைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.