தெரியாத எண்

பெரியப்பாவிடம் யாரோ போனில் பேசி, அவருக்கு வேண்டாத ஜோதிடச் சேவையைத் தலையில் கட்டிவிட்டார்கள். போன் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போனது. அதை நிறுத்த, மாசாய் ஊரில் உள்ள ஒரு போன் கடைக்கு அவரை அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த நடுத்தர வயதுப் பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். வயதானவர்கள் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“நிறுத்திட்டேன் அங்கிள். ஆனா, மறுபடியும் கூப்பிடுவாங்க. தெரியாத நம்பர எடுக்காதீங்க லா.”

“என் மகன் சிங்கப்பூர் போயி நம்பர மாத்திட்டாம்மா. பேசி வருஷக்கணக்காச்சு. எந்த நம்பர்லேர்ந்து கூப்பிடுவானோ, எடுக்காம எப்படி இருப்பேன்?”

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “அடுத்த மாசமும் கூட்டிட்டு வாங்கண்ணே. நிறுத்தித் தரேன்,” என்றார்.

வேறு வழி இருந்திருந்தால் அந்தப் பெண்ணே சொல்லியிருப்பார்.