உயிர்த்த ஞாயிறும் அண்ணனின் பெயரும்

ஜெர்மனியின் இந்தச் சிறுநகரில் மனிதர்கள் மொட்டுக்கு நலம் விசாரிக்கிறார்கள். நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கூட வேலை செய்யும் ஹெல்கா காலையில் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போவாள். நேற்றுவரை விறகாக நின்ற கிளையில் பச்சையாக ஒரு பொட்டு. "பார், செத்தது எழும்புகிறது. இதுதான் ஈஸ்டர்" என்பாள். எனக்கோ இன்னும் ஐந்து அறைகள் பாக்கி. "நல்லது" என்று வாளியைத் தூக்குவேன். "உங்கள் ஊரில் வெயில் இலவசம். அதுதான் உனக்கு இதன் அருமை தெரியவில்லை" என்று சிரிப்பாள்.

எப்படித் தெரியும்? இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் வாழைச்சேனைக்கு உயிர்த்த ஞாயிறு வரும்போது வயல்கள் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும். வாவி வற்றிக் கரைச்சேறு மணக்கும். பச்சை வருவது மாரி மழையோடு, மரித்தோரை நினைக்கும் நவம்பரில். கல்லறைகளில் புல் முளைத்திருக்கும். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் மெழுகுதிரி கொளுத்துவோம். புதுத்தளிர் என்பது எங்களுக்கு இறந்தவர்களின் மேல் வளர்வது.

அந்த மரித்தோர் நாளுக்கு முன் ஒவ்வொரு வீடும் தன் மரித்தோரின் பெயர்களை எழுதி, பூசையில் வாசிக்கக் கோயிலுக்குக் கொடுக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான். பட்டியல் என் கையெழுத்து. யோசேப்பு அண்ணனைச் சுற்றிவளைப்பில் இராணுவம் கொண்டுபோன பிறகு முகாம் முகாமாக நீட்டிய விண்ணப்பங்களும் என் கையெழுத்துத்தான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் நாட்டைவிட்டு வெளிக்கிட முந்திய நவம்பரில் பட்டியல் வாங்கக் கோயில் உபதேசியார் வந்து அம்மாவிடம் கேட்டார்: "மூணு வருசமாச்சி தங்கச்சி. யோசேப்புட பேரையும் போடுவமா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அவன் செத்தத ஆரு கண்ட? எழுதிப் பாரு. மறுகா இந்தக் கைக்குச் சோறு இல்ல."

நான் பேனாவை மூடினேன்.

ஈஸ்டர் விடியலில் இங்கே எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறார்கள். ஹெல்கா என்னையும் கூட்டிப்போனாள். வாசலில் வைத்து என் கையில் ஒரு மெழுகுதிரியைத் தந்தாள். அதில் அழகான எழுத்தில் அண்ணனின் பெயர். "பாதிரியாரிடமும் கொடுத்துவிட்டேன். இறந்தவர்களோடு சேர்த்து வாசிப்பார்" என்றாள். இராணுவம் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை என்று நான் சொல்லியிருந்தேன். மீதியை அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். அன்பினால்தான்.

"அவர் இறந்தவர் இல்லை" என்றேன்.

"அப்படியானால் எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"உனக்கு உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நம்பிக்கை இருக்கிறது. ஆனால் உயிர்த்தெழ முதலில் செத்திருக்கவேண்டும். அந்த முதற்படியில் ஏற மறுத்து எங்கள் வீடு நிற்கிறது. நின்று நின்று எனக்குக் கால் கடுத்துவிட்டது. அந்தப் பெயரை ஓர் அந்நியர் வாசித்துவிட்டால் முடிந்துவிடும், அழுதுவிட்டு நானும் உட்காரலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியவே வராது.

பிறகு பாதிரியாரிடம் போனேன். அவருடைய பேனாவை வாங்கி, பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நானே வெட்டினேன். திரும்பி வந்தேன். ஹெல்கா தன் திரியிலிருந்து என் திரியைக் கொளுத்தினாள்.

பாதிரியார் பெயர்களை வாசித்து முடித்தார். எல்லோரும் மெழுகுதிரிகளைத் தங்கள் கல்லறைகளில் ஊன்றிவிட்டு, குளிருக்குக் கைகளைத் தேய்த்தபடி கோப்பி குடிக்கப் போனார்கள். வாழைச்சேனையில் அந்நேரம் வெயில் ஏறியிருக்கும். அம்மா பூசை முடிந்து வாவிக்கரையால் வந்துகொண்டிருப்பாள், எதிரே வரும் ஒவ்வோர் ஆணின் முகத்தையும் பார்த்தபடி. என் மெழுகுதிரியை அணைக்க மனம் வரவில்லை. ஊன்றுவதற்கு இங்கேயும் அங்கேயும் எனக்கொரு கல்லறை இல்லை. சூடான மெழுகு விரல்களில் வழிந்து இறுகிக்கொண்டிருந்தது.