தொட்டிக்குப் புளிப்பு ஆகாது

ஆயுதபூஜையன்று வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மேனாம்பேட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் அம்மா நினைவுக்கு வந்துவிடுவார். ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இங்கே வீடு வாங்கி வந்தவர். வந்த வேகத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சம்மதம் வாங்கி, பின்பக்கம் ஒரு பயோகேஸ் தொட்டியை வைத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் அதற்குள் போகும். குழாய் வழியே வரும் வாயுவில் வாட்ச்மேன் அண்ணனின் மனைவி சமைப்பார். முதல் நாள் அடுப்பு நீலமாக எரிந்தபோது, "இன்னாம்மா இது, நீங்க கொட்ற குப்பையில என் ஊட்டு உலை கொதிக்குது!" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்கு வேறு அடுப்பு கிடையாது.

செயலாளர் அம்மாவுக்கு ஒரே பயம் புளிப்புதான். "வயித்துல புளிப்பு ஏறினா நமக்கே ஆகாது, தொட்டிக்கு ஆகுமா? எலுமிச்சையை மட்டும் போட்டுடாதீங்கப்பா" என்று லிஃப்டில் சிக்கியவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டால்தானே? மகளின் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போயிருந்தபோது ஆயுதபூஜை வந்தது. நானும் ஊரில் இல்லை. எத்தனை கார், எத்தனை பைக்! சாமிக்கு வைத்ததைக் குப்பை வண்டியில் போடக்கூடாது என்று ஒரு புண்ணியவான், நசுங்கிய பழங்களை வாரித் தொட்டிக்குள் கொட்டினாராம். மற்றவர்களும் பக்தியோடு கொட்டியிருக்கிறார்கள்.

சில நாட்களில் அடுப்பு அணைந்தது. நாற்றம் மட்டும் மாடி மாடியாக ஏறியது. ஓடிவந்த செயலாளர் அம்மா, பருத்திப்பட்டுப் பக்கமிருந்து சாணி வாங்கிவந்து தன் கையாலேயே கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். "ஒரு மாசம் பொறுங்க, பொழைச்சுக்கும்" என்று சங்கக் கூட்டத்தில் கெஞ்சினார். கொட்டிய அதே ஆட்கள்தான் தொட்டியை எடுத்துவிட்டுப் பார்க்கிங் போடலாம் என்று கை தூக்கினார்கள். நானும் கத்திப் பார்த்தேன், எடுபடவில்லை. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. வாட்ச்மேன் மனைவி சுவரோரம் கல் கூட்டி விறகு மூட்டினார். புகை வருகிறதென்று அதற்கும் புகார். கடைசியில் குடும்பமே கிளம்பிவிட்டது. அம்மா கேட் வரைக்கும் கூடவே போனார்.

இந்த வருடமும் பூஜை நடந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சை. கார் ஏறி நகர்ந்ததும் புது வாட்ச்மேன் பழங்களை முறத்தில் வாரிக்கொண்டு, பால்கனியில் நின்ற அம்மாவை அண்ணாந்து பார்த்தார்.

"இதை எங்க கொட்றதும்மா?"

"எங்க வேணாலும் கொட்டுப்பா. இனிமே கெட்டுப்போறதுக்கு இங்க ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.